பயம், தன்னம்பிக்கை, படைப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எழுத வேண்டும், வரைய வேண்டும், பாட வேண்டும், நாலு பேர் முன்னால் ஒரு கருத்தைச் சொல்ல வேண்டும் என்று ஆசை இருந்தும் ஏதோ ஒன்று பிடித்து நிறுத்துகிறது என்று சொல்பவர்கள் நிறைய. அவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கின்றன. அவற்றை இங்கே சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். ஆய்வுகளில் தெரியவந்ததை ஆய்வு என்றும், என் கருத்தை என் கருத்து என்றும் சொல்லியிருக்கிறேன். வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை, உங்களுக்குத் தேவையான கேள்விக்கு நேராகப் போகலாம்.

ஆபத்து இல்லை என்று நன்றாகத் தெரிந்தும் ஏன் பயம் வருகிறது?

இதைத் தன் மீதே சோதித்துப் பார்த்தவர் சார்லஸ் டார்வின். லண்டன் விலங்குக் காட்சிசாலையில் ஒரு நச்சுப் பாம்பு இருந்த கூண்டின் தடித்த கண்ணாடியில் முகத்தை ஒட்டி வைத்துக்கொண்டார். பாம்பு கொத்த வந்தாலும் பின்வாங்குவதில்லை என்று உறுதியாக முடிவு செய்திருந்தார். பாம்பு கொத்திய அந்தக் கணத்தில் ஓரிரு கஜ தூரம் பின்னால் துள்ளிவிட்டார். தன் வாழ்நாளில் ஒருபோதும் அனுபவித்திராத ஓர் ஆபத்தின் முன்னால் தன் உறுதியும் அறிவும் எடுபடவில்லை என்று 1872-ல், உணர்ச்சிகளின் வெளிப்பாடு பற்றிய நூலில் அவரே எழுதினார்.

நடப்பது இதுதான். அச்சுறுத்தலைக் கண்டறிந்து உடலைத் தயார் செய்வதில் அமிக்டலா என்ற சிறிய மூளைப் பகுதிக்குப் பெரிய பங்கு உண்டு. ‘கண்ணாடி இருக்கிறது, ஒன்றும் ஆகாது’ என்று நிதானமாக யோசிக்கும் பகுதிகள் ஒரு முடிவுக்கு வருவதற்குள் இதயம் வேகமெடுத்து, தசைகள் இறுகி, கால் நகர்ந்துவிடுகிறது. இந்த முதல் துள்ளல் யார் கட்டுப்பாட்டிலும் இல்லை. அதை வைத்து உங்களைக் கோழை என்று நீங்களே தீர்ப்பெழுதுவது நியாயமில்லை. துள்ளிய பிறகு மறுபடி கண்ணாடிக்கு அருகில் போகிறீர்களா என்பது மட்டும்தான் உங்கள் கையில் இருக்கிறது.

பயமே இல்லாமல் வாழ முடியுமா?

ஏறக்குறைய முடியும், ஆனால் அப்படி வாழ்பவர்களைப் பார்த்தால் நீங்கள் பொறாமைப்பட மாட்டீர்கள். எஸ்.எம். என்ற எழுத்துகளால் மட்டும் அறிவியல் உலகில் அறியப்படும் ஒரு பெண்ணுக்கு, அரிய மரபணு நோய் ஒன்றால் மூளையின் இரு பக்கமும் அமிக்டலா சிதைந்துபோனது. ஆய்வாளர்கள் அவரைப் பாம்பும் சிலந்தியும் விற்கும் கடைக்கு அழைத்துப் போனார்கள், பேய் வீடு போல அமைத்த இடத்துக்குக் கூட்டிப் போனார்கள், திகில் படக் காட்சிகளைக் காட்டினார்கள். அவருக்குப் பயம் வரவில்லை. பாம்பை ஆர்வத்தோடு கையில் வாங்கிக்கொண்டார். ஆனால் இதே பெண்ணைக் கழுத்தில் கத்தி வைத்து மிரட்டிய சம்பவமும் அவர் வாழ்க்கையில் நடந்திருக்கிறது. விலகிப் போக வேண்டிய இடம் எது என்று சொல்லும் குரல் உள்ளே இல்லாததால், ஆபத்தின் பக்கத்திலேயே அவர் போய் நின்றிருக்கிறார்.

இதன் தொடர்ச்சி இன்னும் வியப்பானது. 2013-ல் வெளியான ஓர் ஆய்வில் அவரையும், அதே பாதிப்புள்ள வேறு இருவரையும் கரியமில வாயு கூடுதலாகக் கலந்த காற்றைச் சுவாசிக்கச் செய்தார்கள். மூச்சுத் திணறல் போன்ற உணர்வு வந்ததும் மூவருமே பீதியில் துடித்தார்கள். வெளியிலிருந்து வரும் ஆபத்துக்கு ஒரு வழி, உடலுக்குள்ளிருந்து எழும் ஆபத்துக்கு வேறொரு வழி என்று பயம் ஒன்றுக்கு மேற்பட்ட பாதைகளில் வருகிறது. அவ்வளவு ஆழமாகப் பதிந்த ஒன்றை ‘அடியோடு ஒழிக்க’ச் சொல்லும் அறிவுரைகள் என்னைப் பொறுத்தவரை பயனற்றவை.

பேச எழுந்தாலே கை நடுங்குகிறது. முதலில் அமைதியாக வேண்டாமா?

தேவையில்லை. அந்த நேரத்தில் அமைதியாக முயல்வதே ஒரு பெரிய வேலையாகிவிடும். நடுக்கமும் உற்சாகமும் உடலில் ஏறக்குறைய ஒரே கோலத்தில் வருகின்றன: வேகமான இதயத் துடிப்பு, சூடான முகம், வியர்க்கும் கை. ஓடும் உடலை ஒரேயடியாக நிறுத்துவதைவிட, அதே வேகத்துக்கு வேறொரு பெயர் வைப்பது சுலபம். 2014-ல் அலிசன் வுட் புரூக்ஸ் வெளியிட்ட ஆய்வில், பாடுவதற்கோ பேசுவதற்கோ முன்பு ‘எனக்கு உற்சாகமாக இருக்கிறது’ என்று வாய்விட்டுச் சொன்னவர்கள், பதற்றத்தை அடக்க முயன்றவர்களைவிட நன்றாகச் செய்தார்கள். எளிய உத்திதான். இல்லாத ஒன்றை இருப்பதாக நடிக்கச் சொல்லவில்லை என்பதால்தான் இது எனக்குப் பிடித்திருக்கிறது. உடலில் ஏற்கெனவே இருக்கும் வேகத்தை இது ஒப்புக்கொள்கிறது.

நடுக்கம் திறமைக் குறைவின் அடையாளமும் இல்லை. செல்லோ வாசிப்பில் இருபதாம் நூற்றாண்டின் மிகப் பெரிய பெயர்களில் ஒருவரான பாப்லோ கசல்ஸுக்கு வாழ்நாள் முழுவதும் மேடை பயம் இருந்தது. 1901-ல் சான் பிரான்சிஸ்கோவுக்கு அருகே மலையேறும்போது ஒரு பாறை உருண்டு வந்து அவர் இடது கையை நசுக்கியது. அந்தக் கணத்தில் தனக்குத் தோன்றிய முதல் எண்ணம், ‘கடவுளுக்கு நன்றி, இனி செல்லோ வாசிக்க வேண்டாம்’ என்பதுதான் என்று பின்னாளில் அவரே சொன்னார். கை குணமானது. தொண்ணூறு வயதைத் தாண்டியும் மேடையேறினார். பயம் போய்விட்டதால் வாசித்தவர் இல்லை அவர். பயத்தையும் கூட்டிக்கொண்டே போய் வாசித்தார்.

எல்லோரும் என்னையே கவனிப்பது போல இருக்கிறதே?

கவனிக்கிறார்கள், ஆனால் நீங்கள் நினைப்பதில் ஏறக்குறைய பாதி அளவுக்குத்தான். தாமஸ் கிலோவிச்சும் உடன் பணியாற்றியவர்களும் 2000-ல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்களை வெட்கப்பட வைக்கும் படம் போட்ட ஒரு டி-ஷர்ட்டை அணிவித்து, மற்றவர்கள் உட்கார்ந்திருந்த அறைக்குள் அனுப்பினார்கள். அறையில் பாதிப் பேராவது படத்தைக் கவனித்திருப்பார்கள் என்று அணிந்தவர்கள் நினைத்தார்கள். உண்மையில் கவனித்தவர்கள் கால்வாசிப் பேர்தான். அந்தக் கால்வாசியும் எவ்வளவு நேரம் அதையே நினைத்துக்கொண்டிருந்திருக்கும்? அவரவர்க்கு அவரவர் டி-ஷர்ட் பற்றிய கவலை இருக்கிறது.

எனக்கு இருப்பது தோல்வி பயமா, வேறு ஏதாவதா?

இந்தக் கேள்வியில்தான் நான் அதிகம் நின்று பேச ஆசைப்படுகிறேன். தங்களுக்குத் தோல்வி பயம் இருப்பதாகச் சொல்பவர்களில் பலருக்கு உண்மையில் இருப்பது வேறொன்று என்பது என் எண்ணம்.

ஒரு சின்னச் சோதனை. நீங்கள் செய்யத் தயங்கும் அந்த வேலையைச் செய்து பார்க்க ஒரு வாரம் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நன்றாக வந்தாலும் கெட்டுப்போனாலும் உலகத்தில் ஒருவருக்கும் தெரியப் போவதில்லை. இப்போது செய்வீர்களா? ‘ஓ, உடனே’ என்று மனம் சொன்னால், நீங்கள் பயந்தது தோல்விக்கு இல்லை, பிறர் பார்வைக்கு. ‘அப்போதும் தயக்கமாகத்தான் இருக்கும்’ என்றால் அது வேறு கதை. ஒருவேளை அந்த வேலை இன்னும் உங்களுக்குப் பழகவில்லை, அல்லது நிஜமாகவே உங்களுக்கு அதில் ஆசை இல்லை.

உணர்ச்சிகளின் வெளிப்பாட்டைப் பேசும் தொல்காப்பியப் பகுதியான மெய்ப்பாட்டியல், அச்சம் பிறக்கும் இடங்களாக நான்கைச் சொல்கிறது: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. முதல் மூன்றும் உயிருக்கும் உடைமைக்கும் வரும் கேடு பற்றியவை. நான்காவது, தன்மேல் அதிகாரம் உள்ளவர் முன்னால் வரும் பயம். பேயும் புலியும் திருடரும் இருக்கும் பட்டியலில், நம்மை மதிப்பிடும் இடத்தில் இருக்கும் மனிதரும் சரிசமமாக இடம் பிடித்திருப்பதை நான் மிகவும் கூர்மையான கவனிப்பு என்று நினைக்கிறேன். இன்று நம்மில் பெரும்பாலோர் புலியைப் பார்த்ததில்லை. அந்த நான்காவது மட்டும் நாள் தவறாமல் வருகிறது: மேலதிகாரி, ஆசிரியர், வாசகர், உறவினர், முகம் தெரியாத யாரோ ஒருவர்.

இந்த வித்தியாசம் தெரிந்தால் மருந்தும் மாறும். தோல்வி பயம் என்றால் பயிற்சியைக் கூட்ட வேண்டும். பார்வை பயம் என்றால், பயிற்சி எவ்வளவு கூட்டினாலும் போதாது. யார் கண்ணில் எப்போது படுவது என்பதை நீங்கள் முடிவு செய்துகொள்ள வேண்டும். முதல் வரைவை ஒருவருக்கும் காட்டாமல் வைத்திருப்பது ஒளிவது ஆகாது. அது வேலையின் ஒரு பகுதி.

தன்னம்பிக்கை எங்கிருந்து வருகிறது?

செய்வதிலிருந்து. மற்றவை எல்லாம் துணைதான்.

ஆல்பர்ட் பண்டுரா என்ற உளவியலாளர் 1977-ல் இதை ஒழுங்காக எழுதி வைத்தார். ஒரு குறிப்பிட்ட வேலையைத் தன்னால் செய்ய முடியும் என்ற நம்பிக்கைக்கு அவர் நான்கு ஊற்றுகளைக் காட்டினார்: தானே செய்து பெற்ற வெற்றி, தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்ப்பது, பிறர் சொல்லும் ஊக்கம், அந்த நேரத்தில் உடலும் மனமும் இருக்கும் நிலை. நான்கிலும் வலுவானது முதலாவது. அவருடைய சோதனைகளில் பாம்புக்கு மிகவும் பயந்தவர்கள் பங்கேற்றார்கள். சிலர் மற்றவர் பாம்பைக் கையாள்வதைப் பார்க்க மட்டும் செய்தார்கள். சிலர் துணைக்கு ஒருவரை வைத்துக்கொண்டு, படிப்படியாகத் தாங்களே கிட்டப் போய், தொட்டு, கையில் எடுத்தார்கள். பார்த்தவர்களைவிடச் செய்தவர்களுக்கே நம்பிக்கை அதிகம் வளர்ந்தது, பிறகு செய்யவும் முடிந்தது.

டார்வினின் உறுதி கண்ணாடி முன் தோற்றதையும் இதையும் சேர்த்துப் பாருங்கள். மனதில் எடுத்த தீர்மானத்தால் மாறாத உடல், கைப்பட்ட அனுபவத்தால் கொஞ்சம் கொஞ்சமாக மாறுகிறது.

இதில் பலர் தவறவிடும் ஒரு செய்தி உண்டு. பண்டுரா பேசியது ‘நான் பெரிய ஆள்’ என்ற பொது உணர்வைப் பற்றி இல்லை. இந்த வேலை, இந்த அளவு, என்னால் முடியும் என்ற குறிப்பான நம்பிக்கையைப் பற்றி. ஆகவே ‘எனக்குத் தன்னம்பிக்கை இல்லை’ என்று மொத்தமாகச் சொல்லாதீர்கள். எதில் இல்லை? பத்துப் பேர் முன் பேசுவதிலா, இரண்டு பேர் முன்னாலுமா? நீண்ட கதை எழுதுவதிலா, ஒரு பக்கம் எழுதுவதிலுமா? கேள்வியைச் சின்னதாக்கிக்கொண்டே போனால், ‘இது முடியும்’ என்று சொல்லக்கூடிய ஓர் இடம் கட்டாயம் வரும். அங்கிருந்து தொடங்கலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மெய்ப்பாட்டியலில் அச்சத்துக்கு அடுத்தபடியாக வருவது பெருமிதம். அதற்கும் நான்கு காரணங்கள்: கல்வி, தறுகண், இசைமை, கொடை. அஞ்சாமைக்கும் புகழுக்கும் முன்னால் கல்வி நிற்கிறது. கற்றுத் தேர்ந்த ஒன்று கையில் இருப்பவரின் நிமிர்வைத்தான் அது முதலில் சொல்கிறது.

‘என்னால் முடியும்’ என்று தினமும் சொல்லிக்கொண்டால் போதாதா?

ஏற்கெனவே தன்மதிப்பு உள்ளவர்களுக்கு அது சற்று உதவலாம். யாருக்கு உதவ வேண்டுமோ அவர்களுக்கு அது திருப்பி அடிக்கலாம். ஜோயன் வுட் 2009-ல் வெளியிட்ட ஆய்வில், தன்மதிப்பு குறைந்தவர்கள் தங்களைப் புகழும் வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னபோது, அதைச் சொல்லாதவர்களைவிட மோசமாக உணர்ந்தார்கள். வாய் ஒன்றைச் சொல்ல, உள்ளே இருந்து ‘பொய்’ என்று ஒரு குரல் எழுவதுதான் சிக்கல். ‘இன்றைக்கு அரை மணி நேரம் உட்காருவேன்’ என்பது போன்ற, பொய்யாக முடியாத வாக்கியம் இதைவிட நல்லது.

வெற்றி கிடைத்த பிறகும் ‘நான் தகுதியானவன் இல்லை, என்றாவது பிடிபடுவேன்’ என்று தோன்றுகிறது. இது என்ன?

1978-ல் பாலின் கிளான்ஸ், சுசான் ஐம்ஸ் என்ற இரு உளவியலாளர்கள் இதைப் பற்றி எழுதினார்கள். படிப்பிலும் தொழிலிலும் உயர்ந்த நிலையில் இருந்த பெண்கள் பலர், தங்கள் வெற்றி அதிர்ஷ்டத்தால் வந்தது, மற்றவர்களை எப்படியோ ஏமாற்றிவிட்டோம் என்று உள்ளூர நம்பியதை அவர்கள் கவனித்தார்கள். ஆண்களுக்கும் இது உண்டு என்று பின்னர் வந்த ஆய்வுகள் காட்டின.

என் கருத்து: இது அடக்கத்தின் இன்னொரு முகம் என்று பலர் ஆறுதல் சொல்வதுண்டு. நான் அதை ஏற்கவில்லை. இது வலிக்கிற ஒன்று. நம்முடைய குழப்பம், திருத்தம், கிழித்துப் போட்ட தாள் எல்லாம் நமக்குத் தெரியும். அடுத்தவரிடம் நாம் பார்ப்பது முடிந்த வேலையை மட்டும். அந்த ஒப்பீட்டில் யாருமே ஜெயிக்க முடியாது. அதனால் அடுத்தவரின் கிழித்துப் போட்ட தாள்களைத் தேடிப் பாருங்கள். உங்கள் துறையில் மூத்தவர் ஒருவரிடம், ‘இதற்கு முந்தைய வரைவு எப்படி இருந்தது?’ என்று கேளுங்கள். பெரும்பாலானவர்கள் மகிழ்ச்சியோடு சொல்வார்கள், கேட்க ஆள் இல்லாததால்தான் சொல்லாமல் இருக்கிறார்கள்.

தன்னம்பிக்கை அளவுக்கு மீறினால்?

அதுவும் நடக்கும். டேவிட் டன்னிங்கும் ஜஸ்டின் குரூகரும் 1999-ல் தர்க்கம், இலக்கணம் போன்றவற்றில் சோதித்தபோது, கடைசிக் கால்பகுதியில் இருந்தவர்கள் தாங்கள் சராசரிக்கு மேல் என்று நினைத்தார்கள். உச்சியில் இருந்தவர்கள் மற்றவர்களோடு ஒப்பிடும்போது தங்களைச் சற்றுக் குறைத்தே மதிப்பிட்டார்கள். ஆனால் இந்தப் பக்கத்தைத் தேடி வந்து படிப்பவர்களுக்கு இது முதல் கவலையாக இருக்க வாய்ப்பில்லை.

படைப்பாற்றல் பிறவியிலேயே வருவதா?

திறமைகளில் வேறுபாடு இருக்கிறது, அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் ‘திடீர்ப் பொறி’ பற்றிய கதைகளை நாம் பாதி மட்டும் கேட்கிறோம். ஹென்றி பொன்காரே என்ற பிரெஞ்சுக் கணித மேதை ஒரு பயணத்தின்போது வண்டியின் படியில் கால் வைத்த நொடியில் ஒரு பெரிய கணிதத் தொடர்பு பளிச்சென்று தெரிந்ததாகச் சொன்னார். இந்தப் பாதி எல்லோருக்கும் பிடிக்கும். அதற்கு முன்னால் அவர் நாள்கணக்கில் மேசை முன் உட்கார்ந்து விடை கிடைக்காமல் தவித்ததும், வீடு திரும்பிய பிறகு அந்தப் பொறியை உட்கார்ந்து சரிபார்த்ததும் மறுபாதி. முன்னே உழைக்காமல் இந்தப் பளிச்சிடல் வராது என்று அவரே அழுத்திச் சொல்லியிருக்கிறார்.

1926-ல் கிரகாம் வாலஸ் இதை நான்கு கட்டங்களாகப் பிரித்தார்: தயாரிப்பு, ஊறப்போடுதல், பளிச்சிடல், சரிபார்ப்பு. பயம் உள்ளவர்கள் பெரும்பாலும் இரண்டாம் கட்டத்தில் கைவிட்டுவிடுகிறார்கள். ஒன்றும் நடக்காதது போல இருக்கும் அந்த நாட்களை ‘எனக்கு இது வராது’ என்பதற்கான சான்றாக எடுத்துக்கொள்கிறார்கள். வேலையை விட்டு நடந்து வாருங்கள், தூங்குங்கள், வேறு ஏதாவது செய்யுங்கள். ஆனால் கதவை மூடிவிடாதீர்கள்.

வெற்றுத் தாளைப் பார்த்தாலே மனம் உறைகிறது. என்ன செய்ய?

வின்சென்ட் வான் கோ 1884-ல் தம்பி தியோவுக்கு எழுதிய கடிதத்தில் இதைப் பற்றிப் பேசுகிறார். வெற்றுத் திரை ஓவியனை முறைத்துப் பார்த்து ‘உன்னால் ஒன்றும் முடியாது’ என்று சொல்லுமாம். அப்படி முறைக்கும்போது எதையாவது அதில் அப்பிவிடு என்பது அவர் யோசனை. ஓவியனாக அவர் வேலை செய்தது ஏறக்குறைய பத்து ஆண்டுகள்தான். அதற்குள் எண்ணெய் வண்ண ஓவியங்கள் மட்டுமே எண்ணூறுக்கு மேல் வரைந்தார். அவ்வளவு வந்ததற்கு, தயக்கத்தில் நிற்காமல் எதையாவது அப்பிவிடும் அந்தப் பழக்கமும் ஒரு காரணம் என்று நம்புகிறேன்.

உள்ளே இரண்டு வேலைகள் மோதிக்கொள்வதால்தான் உறைகிறோம். ஒன்று உண்டாக்குவது, மற்றொன்று எடைபோடுவது. இரண்டும் தேவை, ஒரே நேரத்தில் தேவையில்லை. வாகனத்தில் முடுக்கியையும் பிரேக்கையும் சேர்த்து மிதித்தால் எஞ்சின் இரையும், வண்டி நகராது. ஆகவே நேரத்தைப் பிரித்துவிடுங்கள். காலையில் எழுதினால் மாலையில் திருத்துங்கள், முடிந்தால் அடுத்த நாள். எழுதும் நேரத்தில் திரும்பிப் படிக்காதீர்கள். மோசமான வாக்கியம் வந்தால் வரட்டும், அதற்கு ஒரு நாள் கழித்து வேலை இருக்கிறது. இருக்கிற வாக்கியத்தைத்தான் திருத்த முடியும், மனதிலேயே நிற்பதை எப்படித் திருத்துவது?

குழுவாக உட்கார்ந்து யோசித்தால் பயம் குறையுமா?

நடைமுறையில் நேர்மாறாக நடக்கிறது. 1958-ல் யேல் பல்கலைக்கழகத்தில் செய்த சோதனையில், நால்வர் சேர்ந்து யோசித்த குழுக்களைவிட, நால்வர் தனித்தனியே யோசித்துப் பிறகு சேர்த்த பட்டியலில் யோசனைகள் அதிகம் இருந்தன. ஒருவர் பேசும்போது மற்றவர்கள் காத்திருக்க வேண்டியிருப்பது பெரிய காரணம் என்று பின்னர் தெரிந்தது. மற்றவர்கள் என்ன நினைப்பார்களோ என்ற தயக்கமும் கூடச் சேரும். தனியே எழுதிக்கொண்டு வந்து, அப்புறம் கூடிப் பேசுங்கள்.

கூட்டத்தோடு ஒத்துப்போவது மனித இயல்பா? எனக்கு எதிர்த்துப் பேச வருவதே இல்லை.

சாலமன் ஆஷ் 1950-களில் செய்த சோதனை எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டிய ஒன்று. ஓர் அட்டையில் ஒரு கோடு, இன்னோர் அட்டையில் மூன்று கோடுகள். எது சம நீளம் என்று சொல்ல வேண்டும். சின்னக் குழந்தைகூடச் சரியாகச் சொல்லும். ஆனால் அறையில் இருந்த மற்றவர்கள் எல்லோரும் முன்கூட்டியே பேசிவைத்துக்கொண்டு தவறான விடையைச் சொன்னார்கள். ஒவ்வொரு குழுவிலும் உண்மையில் சோதிக்கப்பட்டவர் ஒரே ஒருவர். அவர்கள் அப்படிப்பட்ட சுற்றுகளில் சராசரியாக ஏறக்குறைய மூன்றில் ஒரு முறை கூட்டத்தோடு சேர்ந்து தவறாகச் சொன்னார்கள். கண்ணுக்கு முன்னால் இருக்கும் கோட்டைப் பற்றி!

இதை வைத்து மனிதர்கள் ஆட்டு மந்தை என்று முடிவுகட்டுபவர்கள் மற்ற விவரங்களைப் பார்ப்பதில்லை. கால்வாசிப் பேர் ஒருமுறைகூடப் பணியவில்லை. அதைவிட முக்கியமானது, கூட்டத்தில் ஒரே ஒருவர் மாறிச் சொன்னால் போதும், பணிவது பெருமளவு குறைந்தது. அந்த ஒருவர் சரியான விடை சொல்ல வேண்டும் என்பதுகூட இல்லை. கூட்டம் சொன்னதிலிருந்து வேறான இன்னொரு தவறான விடையைச் சொன்னாலும் அடுத்தவருக்கு வாய் திறந்தது.

இது எனக்கு மிகவும் ஆறுதல் தரும் செய்தி. எதிர்த்துப் பேசும் வீரராக நீங்கள் இருக்க வேண்டியதில்லை. ‘எனக்குக் கொஞ்சம் வேறு மாதிரி தோன்றுகிறது’ என்று ஒரு வரி சொன்னால், அந்த அறையில் இன்னொருவரின் வாய்ப்பூட்டு கழன்றிருக்கும். நீங்கள் சொன்னது தவறாகவே இருந்தாலும்.

நூறு பாராட்டுக்கு நடுவே ஒரு திட்டு மட்டும் ஏன் மனதில் நிற்கிறது?

கெட்டது நல்லதைவிட மனதில் ஆழமாகப் பதிகிறது என்பது உளவியலில் பல ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் கண்ட விஷயம். இழப்பு ஆதாயத்தைவிடக் கனமாகத் தெரியும் என்பதை டானியல் கானமனும் ஆமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979-ல் முன்வைத்தார்கள். ஆகவே அந்தத் திட்டு பெரியதாகத் தெரிவதால் அது உண்மையாகவே பெரியது என்று ஆகாது. இரண்டு நாள் தள்ளி வையுங்கள். பிறகு, அதைச் சொன்னவர் வேலையைப் பற்றிப் பேசினாரா, உங்களைப் பற்றிப் பேசினாரா என்று மட்டும் பாருங்கள். வேலையைப் பற்றி என்றால் எடுத்துக்கொள்ளுங்கள்.

முடித்து வைத்ததை வெளியே காட்டவே பயமாக இருக்கிறது.

மறுபடியும் டார்வின்தான். இயற்கைத் தேர்வு பற்றிய எண்ணம் 1838-லேயே அவருக்கு வந்துவிட்டது. உயிரினங்கள் மாறாதவை இல்லை என்று தான் நம்பத் தொடங்கியதை 1844-ல் நண்பர் ஜோசப் ஹூக்கருக்கு எழுதும்போது, இதைச் சொல்வது ஒரு கொலையை ஒப்புக்கொள்வது போல இருக்கிறது என்றார். நூல் வெளிவந்தது 1859-ல். அதுவும், அதே எண்ணத்தைத் தானாகவே எட்டியிருந்த ஆல்பிரட் ரஸ்ஸல் வாலஸின் கட்டுரை 1858-ல் கைக்கு வந்து சேர்ந்த பிறகு. இந்தத் தாமதத்துக்குப் பயம் மட்டும் காரணமில்லை. சான்று சேர்த்தார், உடல்நலம் குன்றியிருந்தது, வேறு ஆய்வுகளும் இருந்தன. ஆனாலும் அந்தக் கடித வரியில் பயம் வெளிப்படையாக இருக்கிறது.

அவர் செய்ததில் நான் பின்பற்றச் சொல்வது ஒன்றைத்தான்: நம்பிக்கையான நண்பர் ஒருவரிடம் முன்கூட்டியே சொன்னார். உலகத்திடம் சொல்லும் முன் ஒரு ஹூக்கரைத் தேடிக்கொள்ளுங்கள். உங்கள் வேலையைப் புரிந்துகொள்ளும் அறிவும், உங்கள் மேல் அன்பும் இரண்டும் உள்ளவர். அன்பு மட்டும் இருந்தால் எல்லாம் நன்றாக இருக்கிறது என்பார், அறிவு மட்டும் இருந்தால் நீங்கள் அடுத்த முறை காட்ட மாட்டீர்கள்.

என் குழந்தையிடமோ என்னிடம் வேலை செய்பவர்களிடமோ இந்தப் பயம் வளராமல் இருக்க என்ன செய்யலாம்?

குழந்தை தானாக ஆசைப்பட்டு வரைந்தால் பரிசு அறிவிக்காதீர்கள். 1973-ல் வெளியான ஓர் ஆய்வில், வண்ணப் பேனாவால் வரைய விரும்பிய மழலையர் பள்ளிக் குழந்தைகளில் சிலருக்கு ‘வரைந்தால் சான்றிதழ்’ என்று முன்கூட்டியே சொன்னார்கள். பிறகு பரிசு இல்லாத ஓய்வு நேரத்தில் அந்தக் குழந்தைகள் வரைந்த நேரம், மற்றவர்கள் வரைந்ததில் பாதியளவுக்குக் குறைந்துபோனது. எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களுக்கு ஆர்வம் குறையவில்லை. ‘நன்றாக இருக்கிறது’ என்பதற்குப் பதில் ‘இந்த யானை ஏன் பச்சை?’ என்று கேளுங்கள். குழந்தை சொல்லும் காரணத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பணியிடத்துக்கு ஏமி எட்மண்ட்சனின் ஆய்வு பொருந்தும். மருத்துவமனைப் பிரிவுகளில் மருந்து கொடுப்பதில் நேரும் தவறுகளைக் கணக்கெடுத்தபோது, நல்ல தலைமை உள்ள பிரிவுகளில் பதிவான தவறுகள் அதிகமாக இருந்தன. அங்கே தவறு அதிகம் நடந்தது என்பதைவிட, அஞ்சாமல் சொன்னார்கள் என்பதே பொருத்தமான விளக்கமாகத் தெரிந்தது. உங்களிடம் யாரும் தவறுகளைச் சொல்வதில்லை என்றால், தவறே நடக்கவில்லை என்று மகிழ்ந்துவிட வேண்டாம். அடுத்த முறை ஒருவர் வந்து சொல்லும்போது, முதல் வார்த்தையாக நன்றி சொல்லுங்கள்.

எப்போது மருத்துவரையோ மனநல ஆலோசகரையோ பார்க்க வேண்டும்?

பயத்தால் வேலைக்கோ வகுப்புக்கோ போவதை விட்டுவிட்டீர்கள் என்றால், திடீர்ப் பீதி அடிக்கடி வந்தால், மாதக்கணக்கில் தூக்கம் கெட்டால், மதுவோ மாத்திரையோ இல்லாமல் நாலு பேரைச் சந்திக்க முடியவில்லை என்றால் தள்ளிப்போடாமல் பாருங்கள். வாழவே வேண்டாம் என்று தோன்றினால் அன்றைக்கே யாரிடமாவது சொல்லுங்கள். பயக் கோளாறுகளுக்கு நல்ல சிகிச்சை இருக்கிறது. பயப்படும் விஷயத்தைத் துணையோடு படிப்படியாகச் சந்திக்க வைக்கும் முறை, எண்ணங்களைச் சோதித்துப் பார்க்கும் முறை இரண்டும் நன்றாக ஆராயப்பட்டவை. மேடைக்கு முன் நடுக்கம் குறைய ப்ரோப்ரானோலால் போன்ற மாத்திரையைச் சிலர் எடுப்பதுண்டு. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது ஆபத்தாகலாம் என்பதால், நண்பர் கொடுத்தார் என்று வாங்கிப் போடாதீர்கள், மருத்துவரைக் கேளுங்கள்.

நேரில் சொல்ல வாய் வராது என்று தோன்றினால், எப்போது வருகிறது, எவ்வளவு நேரம் இருக்கிறது, அதனால் எதையெல்லாம் தவிர்க்கிறீர்கள் என்று ஒரு தாளில் எழுதி அப்படியே கையில் கொடுத்துவிடலாம். மருத்துவருக்கும் முதலில் தெரிய வேண்டியவை இவைதான்.